நேர்ச்சை மறவாத குடும்பங்கள்



1873-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கின. ஆண்டுக்கு ஆண்டு கோதுமை வயல்கள் அழிந்தன. கோல்ட் ஸ்பிரிங் ஊரில் குடியேறியிருந்த ஜெர்மானியக் கத்தோலிக்க உழவர்கள், 1877-இல், அன்னை மரியாவுக்குச் சிற்றாலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டனர். குன்றின்மேல் மரத்தால் அதைக் கட்டியும் முடித்தனர். அந்த ஆண்டே வெட்டுக்கிளிகள் அகன்றன.

1894-இல் சூறாவளி அந்தச் சிற்றாலயத்தைத் தகர்த்தது. ‘ஆபத்துதான் நீங்கிவிட்டதே, இனி ஆலயம் எதற்கு?’ என்று அவ்வூரார் விட்டிருக்கலாம். ஆனால் 58 ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், அதே குன்றில் ஆலயம் கருங்கல்லால் மீண்டும் எழுந்தது. நேர்ந்துகொண்ட தலைமுறை அதற்குள் மறைந்திருந்தது. நன்றி மட்டும் பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம் தங்கியிருந்தது.

நாமும் பிள்ளை வரம் கேட்டு, பிணி நீங்கக் கேட்டு நேர்ந்துகொள்கிறோம். கேட்டது கிடைத்ததும், நேர்ச்சையைச் செலுத்தியதோடு மறந்துவிடுகிறோம். நம் குடும்பத்துக்கு இறைவன் செய்த நன்மைகள் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், அவற்றில் ஒன்றையாவது அவர்களுக்குச் சொல்லுங்கள். வீடும் நிலமும் சேர்த்துவைக்கும் நாம், இந்த நன்றியையும் அவர்கள் கையில் விட்டுச்செல்வோம். ஆமென்.