அவளுக்கு வந்த பணம் எனக்கு ஏன் வரலே?

(ரமணாசிரமம் பகுதி கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வரவு செலவு படிச்சாச்சு, கடன் தவணையும் பார்த்தாச்சு. இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நீங்கள் கேட்டதுதான். எந்தக் குழுவுக்குப் போனாலும் எங்களிடம் வருகிற கேள்வி, "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆயிரம் ரூபாய் வருது, எனக்கு ஏன் வரலே?" என்பது. அடுத்தாற்போல் கோபம் வரும். தலைவி என் பேரை எழுதலே, கட்சிக்காரங்க தடுத்துட்டாங்க, இல்லேன்னா என் தலையெழுத்து. பெரும்பாலும் இந்த மூணும் காரணம் கிடையாது. அரசாங்கம் கொடுக்கிற ஒவ்வொரு பணமும் ஏதாவது ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் வருது. எந்தப் பணத்துக்கு எந்தக் காகிதம் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

கொரோனா காலத்தை நினைச்சுப் பாருங்க. கோயில் நடை சாத்தி, கிரிவலம் நின்று, செங்கம் ரோட்டில் பூக்கடை, இளநீர்க் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. 2020 ஏப்ரலில் மாநில அரசு ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கொடுத்தது. அதற்குப் பார்த்தது அரிசி அட்டையை. 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 கொடுத்தபோதும் அதே அரிசி அட்டைதான். சர்க்கரை அட்டை வைத்திருந்தவர் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் கிடைக்கவில்லை.

அதே 2020ல் மத்திய அரசு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 500 ரூபாய் போட்டது. அது ரேஷன் அட்டையையே பார்க்கவில்லை. பெண்கள் பேரில் உள்ள ஜன்தன் கணக்கைப் பார்த்தது. ஜன்தன் திட்டம் வந்தது 2014 ஆகஸ்டில். நம் குழுப் பெண்கள் பலர் அதற்கு ரொம்ப முன்னாடியே சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கியவர்கள். முதலில் சேமிக்கக் கற்றவருக்கு 500 இல்லை, பின்னால் கணக்கு தொடங்கியவருக்கு உண்டு! இதில் நியாயம் இருக்கா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தப் பணம் ஏன் வரலே என்பதற்கு விடை அதுதான். யாரும் தடுக்கவில்லை.

நம்ம தெருவில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் ஊரிலும் இதே கதைதான். 2020ல் அமெரிக்க அரசு பெரியவர் ஒருவருக்கு 1,200 டாலர் வரை கொடுத்தது. அங்கே பார்த்தது வருமான வரிக் கணக்கை. கணக்கு காட்டாத ஏழைகள் பலர் தனியாகப் பேரைப் பதிந்த பிறகுதான் பணத்தைப் பார்த்தார்கள்.

இப்போது கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 15ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டு, 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல் ஏற்கப்பட்டது. மீதிப் பேர் நிலைமைதான் நம் பேச்சு.

அப்போது சொன்ன விதிகளைக் கேளுங்கள். ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண். 21 வயது ஆகியிருக்கணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள். நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவு. அரசு வேலை, வருமான வரி, தொழில் வரி இருந்தால் கிடையாது. குழுவில் கடன் வாங்கினால் வராது என்று ஒரு வதந்தி உலாவுது. அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது.

நம்ம பகுதியில் அதிகம் மாட்டிக்கொள்வது மின்சாரத்தில். 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. ஒரு குடும்பம் மட்டும் எரித்தால் வராது. ஆனால் வீட்டுக்காரர் காம்பவுண்டிலேயே ஓரமாகக் குடியிருந்து, ஏசி ஓடுகிற அதே மீட்டரில் இரண்டு பல்பு எரிக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. விண்ணப்பத்தில் அந்த இணைப்பு எண்ணை எழுதினால் மொத்த யூனிட்டும் உங்க கணக்கில் வந்துவிடும். ஒரே மீட்டரில் எத்தனை குடும்பம் என்று எழுத்தில் சொல்லணும்.

அடுத்தது வண்டி. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினால் பயமில்லை, அது மூணு சக்கரம். கார், டிராக்டர் இருந்தால் தகுதி இல்லை என்றார்கள். ஆனால் விதியில் "சொந்தப் பயன்பாட்டுக்கு" என்ற வார்த்தை இருந்தது. கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிற டாக்சி என்றால் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி வாதாட இடம் உண்டு.

மூன்றாவது மாமியார் பென்ஷன். இதில் நிறைய மருமகள்கள் விண்ணப்பமே போடாமல் விட்டார்கள். முதலில் முதியோர் ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்துக்கே இல்லை என்றுதான் அறிவித்தார்கள். 2023 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். ஓய்வூதியம் வாங்குகிற அம்மாவுக்குக் கிடையாது, அதே அட்டையில் உள்ள தகுதியான வேறு பெண் கேட்கலாம் என்று. இதற்காக மாமியாரை அட்டையிலிருந்து நீக்கத் தேவையே இல்லை. அப்படிச் செய்யச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீங்க.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். படிக்கத் தெரியலேன்னு அழிச்சுடாதீங்க, பிள்ளைங்களை வாசிக்கச் சொல்லுங்க. அதில் காரணம் இருக்கும். 2023ல் அப்படிச் செய்தி வந்தவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்தார்கள். அந்த நவம்பரில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தார்கள். 2025 ஜூலையிலிருந்து நடந்த "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்களில் மறுபடி மனு வாங்கி, டிசம்பர் 12ல் சுமார் 17 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். முதல் தடவை இல்லை என்று சொன்னதோடு உட்கார்ந்துவிட்டவர்கள் இதைக் கவனிக்கணும். விதி இடையில் மாறும். ஆகவே மனு போடுகிற அன்றைக்கு என்ன விதி என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ இ-சேவையிலோ கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

பணம் அனுப்பியாச்சு, கையில் வரலே என்பது வேறு கதை. இரண்டு மூன்று வங்கியில் கணக்கு உள்ளவர்களுக்கு, ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். மறந்துபோன பாஸ்புத்தகத்தில் கிடக்கும்! எல்லாப் பாஸ்புத்தகத்தையும் பதிந்து பாருங்க. குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று வங்கி பிடித்துக்கொண்டதும் உண்டு. 2023 செப்டம்பரில் இப்படிப் புகார் வந்தபோது, உரிமைத் தொகையைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். "உதவி"ன்னு பேர் வைக்காமல் "உரிமை"ன்னுதானே வைத்தார்கள், அந்தத் தைரியத்தோடு மேலாளரிடம் கேளுங்க. போனில் ஓடிபி எண் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பணம் வராதவர்கள் மட்டும் ரேஷன் அட்டை, பாஸ்புத்தகம், கடைசி கரண்ட் பில், குறுஞ்செய்தி வந்த போன் நாலையும் கொண்டுவாங்க. ஒவ்வொருவருக்கும் என்ன காரணம் என்று குழுவாரியாக உட்கார்ந்து பார்ப்போம். பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர்கள் அன்றைக்கு வர முடியாது என்றால், மறுநாள் காலை கூட்டமைப்பு அலுவலகத்தில் நாங்கள் இருப்போம்.