மோட்டார் எஞ்சினில் புல்லி தளர்தலும், அதைச் செப்பனிட்டுத் தடுக்கும் முறையும்

(குந்தாரப்பள்ளிச் சுற்றுவட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



குந்தாரப்பள்ளி சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் இச்சந்தைக்கு ஆடுகளும் மாடுகளும் அண்டைக் கிராமங்களிலிருந்து திரளாக வந்து சேர்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படும் பெருஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் சூளகிரி வழியாக ஓசூருக்கு மேடேறி, அப்பால் கர்நாடக எல்லையை அடைகிறது. மாம்பழக் காலம் வந்துவிட்டால், பெங்களூரா முதலிய காய்களை ஏற்றிய வண்டிகள் பழக்கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி இரவு பகலாக ஓடுகின்றன. மாட்டு வண்டியின் அச்சு முறிந்த காலத்தில் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நின்றது. சங்கத்திற்குப் பொதுவான மோட்டார் வண்டி பருவத்தின் நடுவே நின்றுவிடுமானால், பழம் அழுகுவது ஒருவர் தோப்பில் மட்டுமன்று. அங்கத்தினர் அனைவரின் உழைப்பும் அதனோடு அழுகிப்போகும். ஆகையால், சிறிதாய்த் தோன்றிப் பெரிதாய் முடியும் ஒரு பழுதைப் பற்றி யாவரும் தெரிந்துகொள்வது அவசியம். அது கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லி தளர்ந்துபோதல் என்பதாம்.

புல்லியின் வேலை

எஞ்சினின் உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அதன் பின்முனையிலிருந்து சக்கரங்களுக்குச் சக்தி போகிறது. முன்முனையில் ஒரு புல்லி பொருத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஓடும் பெல்ட்டானது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், பெரும்பாலான எஞ்சின்களில் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. பல எஞ்சின்களில் இப்புல்லிக்கு வேறொரு கடமையும் உண்டு. எஞ்சினில் தீப்பற்றும் ஒவ்வொரு முறையும் தண்டு சற்றே முறுகித் திரும்புகிறது. இந்த அதிர்வை அடக்குவதற்காக, புல்லியின் நடுக்குடத்திற்கும் வெளி வளையத்திற்கும் இடையே ரப்பர் வைத்திருப்பார்கள். இத்தகைய முறுக்கதிர்வை அடக்கும் கருவியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர்களுள் இங்கிலாந்து தேசத்து நிபுணர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் முக்கியமானவர்.

அதிர்வின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். நிமிஷத்திற்கு 2,400 சுற்று ஓடும் எஞ்சின், வினாடிக்கு 40 சுற்றுச் சுழல்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு முறை தீப்பற்றுவதால், வினாடிக்கு 80 உதைகள் தண்டின்மேல் விழுகின்றன. ஒரு மணி நேரத்திற்குச் சுற்றுகள் மட்டும் 1,44,000. மயிரிழை இடைவெளி இருந்தாலும், இத்தனை உதைகளில் அது நாளுக்கு நாள் விரிந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

தளர்வதன் காரணம்

"அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. புல்லிக்கும் தண்டுக்கும் நடுவே காடியில் அமர்ந்திருக்கும் சிறு கீயைக் கண்டவர்கள், அதுவே அச்சாணி போல் புல்லியைப் பிடித்து நிறுத்துகிறது என்று எண்ணுவதுண்டு. அது சரியன்று. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் விட்டவுடன், அது சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்கிறது. பிடிப்பது அந்த இறுக்கமே. அவ்வாறே இங்கும் நடு போல்ட் புல்லியைத் தண்டின்மேல் அழுத்துகிற அழுத்தந்தான் அதைப் பிடிக்கிறது. கீ, புல்லி உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுவதற்கே முக்கியமாக உள்ளது. போல்ட் தளர்ந்தால் உதைகள் யாவும் கீயின்மேல் விழும். கீ நசுங்கும்; பிறகு காடி அகலும்; முடிவில் தண்டே கெடும்.

போல்ட் தளர்வதற்குக் காரணங்கள் சில. அளவு பாராமல் இறுக்குதல், ஒருமுறை இறுக்கி நீண்டுபோன போல்ட்டையே மீண்டும் போடுதல், பொருந்தும் முகங்களில் துருவும் மண்ணும் இருக்கவே மாட்டுதல், வாஷரை மறந்துவிடுதல், பெல்ட்டை மிதமிஞ்சி இழுத்துக் கட்டுதல் ஆகியவை அவை. கசியும் எண்ணெயும் வெப்பமும் ரப்பரைக் கெடுப்பதால், போல்ட் இறுக்கமாக இருந்தும் வெளி வளையம் மட்டும் நழுவுவதும் உண்டு.

அமைப்பிலேயே குறை நேர்வதும் உண்டு. ஜப்பானிய மாஸ்டா கம்பெனி 1989-இல் வெளியிட்ட எம்.எக்ஸ்.5 என்னும் சிறு காரின் 1.6 லிட்டர் எஞ்சின்களில், ஆரம்ப காலத்தவற்றின் தண்டுமுனை குட்டையாக இருந்தது. அவற்றுள் பலவற்றில் கீயும் காடியும் தேய்ந்து புல்லி ஆடலாயிற்று. 1991-இல் தண்டுமுனையை நீளமாக்கியும் போல்ட்டைப் பெரிதாக்கியும் அக்குறையை நீக்கினார்கள். தேர்ந்த தொழிற்சாலையிலும் நேரும் குறையாதலின், அடையாளங்களை அறிந்து வைப்பது எல்லோருக்கும் நலம்.

அடையாளங்கள்

எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்பக்கத்தில் தட்டும் ஓசை கேட்கும். இது உட்புற பேரிங் ஓசையைப் போலவே இருப்பதால், வீணாக எஞ்சினையே பிரித்துவிடுவோரும் உண்டு. தூர நின்று நோக்கினால் புல்லி நேராகச் சுழலாமல் ஆடுவது தெரியும். குடத்தைச் சுற்றிச் செம்மண் நிறமான துருப்பொடி காணப்படும். பெல்ட் கீச்சிடும், ஓரம் பிசிறாகும், அடிக்கடி கழன்று விழும். பாட்டரி விளக்கு எரியும், தண்ணீர் கொதிக்கும். தண்டின் பல்சக்கரமும் அதே போல்ட்டால் பிடிக்கப்பட்ட எஞ்சின்களில், தீப்பற்றும் நேரம் பிசகிச் சக்தி குறையும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை இரு கையாலும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவும் அசைதல் கூடாது. ரப்பர் வைத்த புல்லியாயின், குடத்திலிருந்து வெளி வளையம் வரை சுண்ணக்கட்டியால் நேர்க்கோடு ஒன்று இழுத்து, பெல்ட்டை மாட்டிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ரப்பர் விட்டுவிட்டது என்று கொள்க. எஞ்சின் ஓடும்போது கையோ, துண்டோ, வேட்டி முனையோ பெல்ட்டருகே போகலாகாது.

செப்பனிடும் முறை

முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். தண்டு சுழலாதிருக்க பிளைவீல் பற்களில் அதற்குரிய பூட்டுக் கருவியை மாட்டியே போல்ட்டைத் தளர்த்துவது முறை. ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வழக்கம் கைகால்களுக்கு அபாயமானது. புல்லியைக் குடத்திலுள்ள துளைகளில் பிடிக்கும் புல்லரைக் கொண்டு இழுக்க வேண்டும்; வெளி வளையத்தை நெம்பினால் ரப்பர் கிழியும்.

கழற்றியபின் தண்டுமுனை, காடி, கீ, புல்லியின் துளை, ஆயில் சீல் ஆகிய ஐந்தையும் துடைத்துப் பார்க்க வேண்டும். தண்டு நன்றாயிருந்தால் புதிய கீ, புதிய போல்ட், தேவையானால் புதிய புல்லி, கசிவிருந்தால் புதிய சீல் ஆகியவை போதும். காடி சற்றே தேய்ந்திருந்தால், தேர்ந்த லேத்துப் பட்டறையில் அளவெடுத்து, அதற்குப் பொருந்தும் பெரிய கீயைச் செய்விக்கலாம். காடி நன்கு விரிந்துவிட்டதாயின் தண்டை வெளியே எடுத்து, உலோகம் ஏற்றிக் கடைந்து, புதிய காடி வெட்ட வேண்டும்; அல்லது தண்டையே மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியில் மோட்டார்த் தொழில் வேரூன்றியிருப்பதால் இவ்வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் தூரத்தில் இல்லை.

போல்ட்டை இறுக்கும்போது டார்க் ஸ்பேனர் இன்றியமையாதது. எஞ்சின் புஸ்தகத்தில் 20 கிலோகிராம்-மீட்டர் என்று கண்டிருந்தால், ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 20 கிலோகிராம் எடை தொங்கும் முறுக்கு என்பது பொருள். பிடி அரை மீட்டரானால் 40 கிலோகிராம் வேண்டும். கைப்பழக்கம் இவ்வளவைச் சரியாகக் காட்டாது. சில போல்ட்டுகளுக்கு அளவுக்கு இறுக்கியபின் குறித்த கோணம் திருப்பும்படியும் விதித்திருப்பார்கள். அத்தகையவற்றை மறுமுறை பயன்படுத்தலாகாது. மரைக்கு எண்ணெய் இடுவதா, உலர்வாகப் போடுவதா என்பதிலும் புஸ்தகம் சொல்வதே பிரமாணம். பிறகு பூட்டை எடுத்து, தண்டைக் கையால் இரு சுற்றுச் சுழற்றி அடையாளக் குறிகள் ஒத்திருக்கக் கண்டு, பெல்ட்டை மாட்டலாம்.

தகரத் துண்டு சொருகுதல், சம்மட்டியால் அடித்து ஏற்றுதல், புல்லியைத் தண்டோடு பற்றவைத்தல் ஆகிய மூன்றும் தகாதவை. பற்றவைக்கும் சூட்டில் சீல் கருகும். தண்டின் உரமும் கெடும். அடுத்த முறை கழற்றவும் வழியிராது.

சங்கத்தின் கடமை

தமிழ்நாட்டில் திரூரில் 1904-இல் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அன்று முதல் சங்கங்களுக்கு உள்ள சோதனை ஒன்றே: பொதுச் சொத்தைத் தன் சொத்தாக எண்ணிக் காப்பவர் யார் என்பதே அது. "பருவம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திவைப்பது சிக்கனம் போல் தோன்றும். இன்று ஒரு கீயும் ஒரு போல்ட்டுமாக முடியும் செலவு, பத்து நாள் பொறுத்தால் தண்டின் செலவாகிவிடும். பழத்தின் நஷ்டம் அதற்கு மேல்.

எனவே வண்டிக்கென ஒரு குறிப்புப் புஸ்தகம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை, சந்தைக்கு முதல் நாளான வியாழக்கிழமையன்று, பெல்ட்டையும் புல்லியையும் பார்த்து டிரைவர் அதில் கையெழுத்திடட்டும். போல்ட் கழற்றிய தேதியும், இறுக்கிய அளவும், போட்ட புதிய சாமான்களும் எழுதப்படட்டும். பயணந்தோறும் ஒரு சிறு தொகை பழுது நிதிக்கு ஒதுக்கப்படட்டும். மிக முக்கியமாக, "ஓசை வருகிறது, வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் டிரைவரைக் கமிட்டியார் கடிந்துகொள்ளலாகாது. அவர் காப்பது வண்டியை மட்டுமன்று, அங்கத்தினர் ஒவ்வொருவரின் பங்கையும் என்பதை உணர்ந்து, அவர் சொல்லை அன்றே கணக்கில் ஏற்றி, அன்றே பார்ப்பதே நிர்வாகத்திற்கு அழகாகும்.