வேலைக்கு நடுவே வணிக மேற்படிப்பு: எப்பொழுது?

ரப்பர் மரத்திலே கத்தி வைப்பதற்கு ஒரு பருவம் உண்டு. கன்று நட்டு ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகவேண்டும். அடிமரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பெறவேண்டும். முந்தி வெட்டினால் பாலும் குறைவு, மரமும் தேறாது. கட்சால் தீவுத் தமிழருக்கு இது புத்தகத்திற் படித்த செய்தியன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைத் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய குடும்பங்களிற் சில, நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திலே குடியமர்த்தப்பட்டன.

நேயர்களே, அத்தீவிலே பிறந்த இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவுடன் வந்தார். வயது 24. வணிகவியற் பட்டம் பெற்றுக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றிலே கணக்கெழுதி வருகிறார், இரண்டாண்டு ஆயிற்று. தந்தையார் பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்ந்தவர். தங்கைக்குத் திருமணம் ஆகவேண்டும். எம்.பி.ஏ. படிக்க இப்பொழுதே வேலையை விடுவதா, காத்திருப்பதா என்பதே அவர் வினா. பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இவ்வினா எழாத நாளில்லை.

வேலையில் இருப்பவர்க்கென்று இக்கல்வியை அமைக்கும் எண்ணம் புதிதன்று. கல்கத்தாவில் 1953-இல் தோன்றிய சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனமும், 1954-இல் தோன்றிய தில்லிப் பல்கலைக்கழக மேலாண்மைத் துறையும் பணியாற்றுவோரை மாணவராக ஏற்றவை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் எம்.பி.ஏ. படிக்க வரும் பட்டதாரிகளிடம் மூன்றாண்டுப் பணியனுபவம் கேட்டது. அந்த நிபந்தனை இன்று இல்லை. விதி நீங்கினாலும் அதன் காரணம் நீங்கவில்லை என்பதே நம் கருத்து. சரக்கு ஏன் தேங்குகிறது, கடன் ஏன் திரும்பவில்லை என்று கடையிலே நின்று திகைத்தவனுக்கே பாடத்தின் பொருள் விளங்கும். திகைப்பே இல்லாமற் போனவன் பாடத்தை மனனம் செய்து திரும்புவான்.

பணக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 25,000 ரூபாய் பெறுபவர் இரண்டாண்டு வேலையை விட்டால், கல்லூரிக் கட்டணத்திற்கு மேல் 6 லட்ச ரூபாய் வருவாயை இழக்கிறார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றே அடுப்பெரிக்கும் என்றால் அந்த ஆறு லட்சம் வெறும் எண்ணன்று. ஆகவே அவருக்கு அஞ்சல்வழியே வழி என்றோம். அதனை இரண்டாந்தரமாகக் கருதுவோர் இன்னும் உளர். ஏற்புப் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்திற்குச் சமம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்துவிட்டது. ஆனால், உடன் பயிலும் நண்பர் கூட்டமும் வளாகத்திற்கே வந்து வேலை தரும் நிறுவனங்களும் அஞ்சலில் வாரா. அவைதாம் நோக்கமென்றால் நேரடிக் கல்லூரியையே நாடவேண்டும். அதற்குப் பணம் சேர்க்கும் வரை பொறுக்கவேண்டும்.

காத்திருக்கச் சொல்வதிலும் ஒரு பழியுண்டு. முன்னொரு நாள் நம் உறவினர் ஒருவருக்கு, "இன்னும் நான்காண்டு போகட்டும்" என்று அறிவுரை வழங்கினோம். நான்காண்டில் திருமணம், மகப்பேறு, மனைக்கடன் எல்லாம் வந்தன. படிப்பு மட்டும் வரவில்லை. அவர் நம்மைக் குறை கூறியதில்லை. நமக்குத்தான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சு குறுகுகிறது. அதுமுதல், ஆண்டும் மாதமும் குறிக்காமல் எவரையும் பொறுக்கச் சொல்வதில்லை.

முதலாளியே படிக்கவைப்பார், பதவி தருவார் என்று காலத்தைத் தள்ளுவதையும் நாம் ஏற்பதில்லை. கட்சால் தோட்டத்தை நடத்திவந்த அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடிவிட 2017-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அரசுக் கழகம், அசையாது என்று எத்தனை பேர் நம்பியிருந்தனர்! ஓர் அலுவலகத்தின் ஏணியை மட்டும் நம்பிப் படிப்பவர், ஏணியே எடுக்கப்படலாம் என்பதையும் எண்ணவேண்டும்.

இனி, கட்சாலுக்கே உரிய இடர். 2020-இல் சென்னையிலிருந்து கடலடியில் இட்ட தகவற் கம்பி அண்டைத் தீவாகிய கமோர்ட்டா வரை வந்தது. கட்சாலை அது தொடவில்லை. போர்ட் பிளேர் - 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் - கடல் வழியே சுமார் 400 கிலோமீட்டர். திறந்தநிலைப் பல்கலைக்கழகத் தேர்வுகளோ ஜூனிலும் டிசம்பரிலும் நடப்பவை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும். கப்பல் நாள் தவறினால் தேர்வும் தவறும். இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டு வரை நீட்டிக்கலாம் என்பதால், டிசம்பரையே பெரிதும் நம்பித் திட்டமிடுமாறு கூறினோம். ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வும் டிசம்பரில் வரும்.

ஓராண்டு பொறுத்து, அடுத்த ஆண்டு ஜூலையில் விண்ணப்பிப்பதென இளைஞர் முடிவு செய்தார். அதற்குள் பண்டகசாலையின் கொள்முதற் பொறுப்பையும் கேட்டுப் பெற்று, மழைக்காலத்தில் அரிசி இருப்பு ஏன் குறைந்துபோகிறது என்று கண்டறிவதாகச் சொன்னார். அருகில் இருந்த தந்தையார் அதுவரை வாய் திறக்கவில்லை. தேர்வுக்குப் போகும் கப்பலில் தமக்கும் ஓர் இடம் பதியுமாறு மகனிடம் சொன்னார். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதாம், அந்தப் பயணத்திலேயே மருத்துவரையும் பார்த்துவிடலாமாம்.