அப்பாவுக்கு ஹாட் டப் வாங்கப் போன கதை

இன்னைக்கு எபிசோடு, வாங்காம விட்ட ஒரு பொருளைப் பத்தி. வீட்டுக்கு வெளியே வைக்கிற ஹாட் டப். "தொப்பூர் வெயிலுக்கு சுடுதண்ணித் தொட்டியா?"ன்னு சிரிக்காதீங்க. மார்கழி, தை மாசத்துல விடியக்காலை எங்கூருக்கு வந்து பாருங்க, மலை நடுவுல குளிர் எப்படின்னு தெரியும்.

விஷயம் எங்க அப்பா. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். எங்க ஊர் கணவாய்ல ஏறி இறங்குற லாரிகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த சீட்ல உக்காந்த இடுப்பு என்ன ஆகும்னு. இப்போ காலைல கட்டில்ல இருந்து எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆகுது. சுடுதண்ணி ஊத்தினா கொஞ்சம் இளகுதுன்னு சொல்வார். நான் வொர்க் ஃப்ரம் ஹோம். போனஸ் வந்தது. மொட்டை மாடில ஒரு டப் வச்சுடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

இந்த ஐடியா பொருந்தும்னு தோணினதுக்கு இன்னொரு காரணம் ஜக்கூஸி கதை. இத்தாலில இருந்து கலிஃபோர்னியா போன அண்ணன் தம்பிகள். கிணத்துல இருந்து தண்ணி இறைக்கிற பம்ப் செஞ்சு வித்தவங்க. அதுல ஒருத்தர், கேண்டிடோ ஜக்கூஸி. அவர் பையனுக்குச் சின்ன வயசுலயே மூட்டு வாதம். வீட்டுத் தொட்டிலயே சிகிச்சை கொடுக்கணும்னுதான் தொட்டிக்குள்ள வைக்கிற பம்ப்பைச் செஞ்சார். 1950-கள்ல அது விற்பனைக்கு வந்தது. இன்னைக்கு சொகுசுன்னு நாம நினைக்கிறதோட தொடக்கம், ஒரு அப்பா பையனுக்காகச் செஞ்ச மோட்டார். நான் அதைத் திருப்பிச் செய்யலாம்னு பார்த்தேன்.

முதல் கணக்கு: எடை

ஹாட் டப்ல பொதுவா மூணு வகை. காத்தடிச்சு உப்ப வைக்கிற பி.வி.சி. டப், அக்ரிலிக் டப், மரப் பீப்பாய். நான் பார்த்தது காத்தடிக்கிறது, 800 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஆளோட சேர்த்து ஒரு டன்னை நெருங்கும்.

இதுல ஒரு சுலபமான கணக்கு இருக்கு. 10 செ.மீ. ஆழத் தண்ணி, ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. 60 செ.மீ. தண்ணின்னா 600 கிலோ. ஆள் போய் வர்ற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 விதி எடுத்துக்கச் சொல்ற பாரம், சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அதனால பொறியாளர் வந்து பார்க்காம மாடில வைக்கவே கூடாது. தரைல காங்கிரீட் தளம் போட்டு வைக்கிறதுதான் சரி. மாடி கனவு அங்கேயே முடிஞ்சது.

இரண்டாவது: கரண்ட்

800 லிட்டரை ஒரு டிகிரி ஏத்த ஏறக்குறைய 0.93 யூனிட் ஆகும். 26-ல இருந்து 38 டிகிரிக்குக் கொண்டு போக 11 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர்னா ஆறு மணி நேரம். வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டுச் சூடாக்கினா ரெண்டு மாசத்துக்கு 280 யூனிட்டுக்கு மேல. நம்ம வீட்டுக்கு இலவசமா வர்ற யூனிட் இதுக்குப் பத்தாது. நல்ல மூடி போட்டா செலவு குறையும். எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாம ஈரக் கையோட இந்த மாதிரி சாதனம் பக்கம் போகவே வேண்டாம்.

மூணாவது: தண்ணி

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்ததே, நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம்ங்கிறதால. கொதிக்க வச்சாலும் ஃப்ளோரைடு போகாது. அந்தக் காவிரித் தண்ணியை எடுத்து டப்ல ஊத்த மனசு வரலை. அப்போ போர் தண்ணி. எங்க வீட்டுக் கெட்டில்ல படியற வெள்ளைப் படிவம்தான் ஹீட்டர்லயும் படியும். அதோட அதே தண்ணிய நாள் கணக்கா வச்சிருக்கணும்னா குளோரின், பி.எச். எல்லாம் பார்க்கணும். வெதுவெதுப்பான தேங்கின தண்ணில லெஜியோனெல்லா மாதிரி பாக்டீரியா வளரும்.

இதெல்லாம் நான் எக்செல்ல போட்டுக் காட்டினப்போ அப்பா கேட்டது ஒண்ணுதான். "ஏண்டா, இது என்ன, மாடு குளிப்பாட்டவா?"

நாலாவது: நான் மறந்தது

அப்பாவுக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை. பாதத்துல உணர்ச்சி குறைவு. போன வருஷம் பக்கெட் சுடுதண்ணில கால் வச்சவருக்குச் சூடே தெரியலை. தோல் உரிஞ்ச அப்புறம்தான் அம்மா பார்த்தாங்க. அந்தப் புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. இவ்வளவு கணக்குப் போட்ட நான், இதை எந்தக் கட்டத்துலயும் எழுதலை.

டாக்டர்கிட்ட கேட்டோம். கால் ஊறவே கூடாது, தண்ணி 38 டிகிரிக்கு மேல போகக் கூடாது, கையை விட்டுப் பார்க்காம தெர்மாமீட்டர்ல பாருங்கன்னார். இடுப்புக்கு மட்டும் வெதுவெதுப்பு கொடுக்கலாம்னார்.

இடுப்புக்கு மட்டும்! அதுக்குன்னே ஒரு தொட்டி ஏற்கெனவே இருக்கே. இயற்கை மருத்துவத்துல இடுப்புக் குளியல் தொட்டி. உக்காரணும், கால் வெளியே இருக்கும், தண்ணி தொப்புள் வரைக்கும். நாலஞ்சு குடம் தண்ணி போதும். 60 லிட்டரைச் சூடாக்க ஒரு யூனிட் கூட ஆகாது. குளிச்சதும் தண்ணிய தென்னைக்கு விட்டுடலாம், குளோரின் வேலையே இல்லை.

இப்போ கொல்லைல, தகரக் கூரை நிழல்ல அந்தத் தொட்டி இருக்கு. பக்கத்துல பிடிச்சு எழ ஒரு இரும்புக் கம்பி. முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் சுடுதண்ணி, அப்புறம் தெர்மாமீட்டர். பதினஞ்சு நிமிஷம். தினமும் பாதத்தைத் துடைச்சு, விரல் இடுக்கு வரைக்கும் பார்க்கிறது என் வேலை. வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பதினஞ்சு நிமிஷம் அப்பா என்கிட்ட பேசறார். கணவாய்ல பிரேக் பிடிக்காத ஒரு ராத்திரியைப் பத்தி போன வாரம்தான் முதல் தடவை சொன்னார்.

டப் வாங்கறவங்க வாங்குங்க, தப்பே இல்லை. 40 டிகிரியைத் தாண்டாதீங்க. குழந்தைங்க இருக்கற வீட்டுல பூட்டற மூடி கட்டாயம். கர்ப்பிணிகள், இதய நோய் இருக்கறவங்க முதல்ல டாக்டரைக் கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, அதுல உக்காரப் போறவங்க உடம்பைக் கேளுங்க. நான் அதைக் கடைசில கேட்டேன்.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது கணக்கு தப்பிப் போயிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.