நிலையும் நெகிழ்வும் வலிமையும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், என் பாடசாலை மாணவன் ஒருவன் குங்ஃபூ என்னும் சீனப் போர்க்கலையைப் பயிலத் தொடங்கினான். இரண்டு வாரம் கழிந்ததும் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டான். "ஐயா, அடிக்கவும் சொல்லித் தருகிறாரில்லை, உதைக்கவும் சொல்லித் தருகிறாரில்லை, முழங்காலை மடித்து நிற்கவே சொல்கிறார்" என்றான். அக்கலையைப் பற்றி ஏதும் அறியாத நான், "பல்லைக் கடித்துக்கொண்டு நில், வலிமை தானாக வரும்" என்று உபதேசித்தேன். அவனும் அவ்வண்ணமே நின்றான். ஒரு மாதத்துள் முழங்கால் வீங்கி, நொண்டியபடி வகுப்புக்கு வந்தான். அறியாத விடயத்தில் அறிவுரை கூறிய பிழை என்னுடையது. அதற்குப் பிராயச்சித்தமாக நான் தேடி அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகின்றேன்.

குங்ஃபூ என்னும் சொல்லுக்குச் சண்டை என்பது பொருளன்று. நெடுங்காலம் முயன்று பெற்ற தேர்ச்சி என்பதே அதன் பொருள். சமையலிலோ சித்திர எழுத்திலோ கைதேர்ந்தவரிடத்தும் குங்ஃபூ உண்டு என்பர் சீனர். காலமும் உழைப்பும் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. ஆகவே முதற் பாடம் பொறுமையாக நிற்பதாக அமைந்ததில் வியப்பில்லை.

அந்நிலைகளுள் பெயர்பெற்றது குதிரை நிலை. கால்களைத் தோளகலத்திற்கும் கூடுதலாக அகற்றி, குதிரைமீது அமர்ந்தவன்போல முழங்கால்களை மடித்து, முதுகை நிமிர்த்தி நிற்பது அது. இன்னொன்று, நட்ட மரம்போல நிற்றல். இதில் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். பெரியதொரு பந்தை மார்போடு அணைத்தாற்போலக் கைகள் வளைந்திருக்கும். 1963இல் மறைந்த வாங் சியாங்சாய் என்னும் ஆசான், 1920களில் தாம் வகுத்த யீச்சுவான் முறையில், வரிசையாகப் பயிலும் ஆட்டங்களை விலக்கி, இவ்வாறு நிற்பதையே பயிற்சியின் அடிப்படையாக்கினார். அசையாது நிற்பவன் எதனைக் கற்கின்றான் என்ற வினா இங்கே எழுகின்றது.

சிறிது நேரம் நின்று பாருங்கள். தொடை நடுங்கத் தொடங்கும். உடனே தோள்கள் மேலெழும், பற்கள் இறுகும், மூச்சு தடைப்படும். தோளும் பல்லும் இறுகுவதால் உடலைத் தாங்கும் கால்களுக்கு யாதொரு துணையுமில்லை. அவை வீணே உழைக்கின்றன. இந்த வீண் உழைப்பைக் கண்டு, ஒவ்வொன்றாகக் கைவிடுவதே நிலைப் பயிற்சி கற்பிக்கும் பாடம். பல்லைக் கடி என்று நான் சொன்னது, எதனை விடவேண்டுமோ அதனையே பற்றிக்கொள் என்று சொன்னது போலாயிற்று.

சீனர் இதனைச் 'சுங்' என்பர். பழைய எழுத்து முறையில் அச்சொல்லின் மேற்பகுதி கூந்தலைக் குறிப்பது. முடிந்த கூந்தல் அவிழ்வது போன்ற இளக்கம் அது. தமிழில் தளர்ச்சி என்றால் சோர்வு என்னும் எண்ணமும் உடன் வரும். ஆதலின் நெகிழ்வு என்பதே பொருந்தும். சோர்ந்தவன் சரிந்து விழுவான். நெகிழ்ந்தவனோ வேண்டிய தசையை மட்டும் தொழிற்படுத்தி நிமிர்ந்து நிற்பான்.

இதன் காரணத்தை உடலமைப்பிலேயே காணலாம். கையை நீட்டும்போது மேற்கையின் பின்புறத் தசை சுருங்குகின்றது. முன்புறத் தசை இளகி இடங்கொடுக்கவேண்டும். இரண்டும் ஒருங்கே இறுகினால், முன்னுக்கு ஒரு மாடும் பின்னுக்கு ஒரு மாடும் பூட்டிய வண்டியின் கதையாகும். உழைப்பு மிகும், வேகம் குன்றும். மேலும், குத்தின் வலிமை கையில் மட்டும் பிறப்பதன்று. பாதம் நிலத்தை உந்த, நிலம் பாதத்தை உந்துகின்றது. அவ்வுந்தல் கால், இடுப்பு, தோள் வழியே முட்டிக்குச் செல்லுகின்றது. தோள் இறுகியிருப்பின் வழியிலேயே தடைப்பட்டுவிடும்.

அப்படியாயின் நின்றாலே போதுமா? போதாது. அசையாது நிற்கும்போது மூட்டு எந்தக் கோணத்தில் மடிந்திருக்கின்றதோ, பெரும்பாலும் அதனை அண்டியே வலிமை வளர்கின்றது. ஆகையாற் சீனர் பளுப் பயிற்சியையும் கைக்கொண்டனர். பழைய பூட்டின் வடிவில் கைபிடியோடு செதுக்கிய கற்பூட்டை உயர எறிந்து பிடிப்பர். அதனை விறைத்த கையோடு பிடிப்பவன் மணிக்கட்டை முறித்துக்கொள்வான். விழும் கல்லோடு கையையும் தாழவிட்டுப் பிடிப்பவனே தேர்ந்தவன். தென்சீனத்து ஹுங் முறையினர் முன்கைகளில் இரும்பு வளையங்களை அணிந்து, தசையை இறுக்கிப் பயில்வதுமுண்டு. எனினும் அவர்களும் வன்மையோடு மென்மையை மாற்றி மாற்றியே பயில்கின்றனர். இறுகத் தெரிந்தவனுக்கு இளகவும் தெரியவேண்டும் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடில்லை.

பயில விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். முழங்கால் உட்புறமாகச் சரியலாகாது. பாதவிரல்கள் நோக்கும் திசையையே அதுவும் நோக்கவேண்டும். தொடக்கத்தில் உயர்ந்த நிலையிற் சிறிது நேரம் நின்றாற் போதும். தாழ்ந்து நிற்பது மாதங்கள் கடந்தபின் வரலாம். தசையின் எரிவைப் பொறுக்கலாம். மூட்டின் நோவைப் பொறுக்கலாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் இரத்த அழுத்தம் ஏறும். அந்நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாது தொடங்கக்கூடாது.

என் மாணவன் சில மாதம் ஓய்ந்திருந்து, மீண்டும் பயிலச் சென்றான். இம்முறை உயர்ந்த நிலையில், முகத்திற் கடுமையின்றி நின்றான் என்று அறிந்தேன். அவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

முதன்முதல் எழுதப் பழகும் குழந்தை பென்சிலை எவ்வளவு இறுகப் பற்றுகின்றது என்பதை ஆசிரியர் எல்லோரும் அறிவர். தாள் கிழியும்; விரல் நோகும்; எழுத்தோ கோணும். "இன்னும் அழுத்து" என்று நாம் அக்குழந்தைக்குச் சொல்வதில்லை. அதன் விரல்களை மெல்லத் தளர்த்திவிடுகின்றோம். அன்று அந்த மாணவனுக்கும் நான் அதனையே செய்திருக்கவேண்டும்.