மறைவில் ஒரு சாட்சி



திருத்தந்தைத் தேர்தலில் ஒவ்வொரு கர்தினாலும் தம் கையெழுத்து அடையாளம் தெரியாதபடி சீட்டில் பெயர் எழுதுகிறார். பின்பு பீடத்தின் முன் நின்று, தமக்குத் தீர்ப்பிடவிருக்கும் கிறிஸ்துவையே சாட்சியாக அழைத்து, தகுதியானவர் எனத் தாம் கருதுபவருக்கே வாக்களிப்பதாக உறுதிகூறுகிறார். மூவர் எண்ணுகின்றனர், வேறு மூவர் சரிபார்க்கின்றனர். வாக்குக்காகப் பணம் கைமாறினால், அதில் ஈடுபட்டோர் திருச்சபையின் உறவொன்றிப்பிலிருந்து விலக்கப்படுவர்.

நம் வாக்கும் மறைவானதே. “பணத்தை வாங்கிக்கொண்டு மனம்போல் போடுவோமே” என்கிறோம். ஆனால் வாங்கிய கை, ஐந்து ஆண்டுகள் குடிநீருக்கும் சாலைக்கும் உரிமையோடு நீள முடியுமா?

வாக்குச்சாவடியின் மறைப்பு, மனிதரின் மிரட்டலிலிருந்து நம்மைக் காக்கவே. கடவுளிடமிருந்து ஒளிக்க அன்று. அவர் திருமுன் நின்றே வாக்களிப்போம். ஆமென்.