தொழில் என்ற கட்டம்



ஆம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். விரல் மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது என்று ஓர் அம்மா வந்தார். என்ன வேலை என்று கேட்டேன். "வீட்ல சும்மாதான் இருக்கேன் டாக்டர்" என்றார். சீட்டில் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்தபோதுதான் ஆள்காட்டி விரலில் ஊசித் தழும்புகளைக் கவனித்தேன். பதினோரு வருடமாக வீட்டுத் திண்ணையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாராம். ஏஜென்ட் மூட்டை கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிப் பதிவேட்டில் இவர் பெயர் இல்லை. அதனால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் இல்லை. 1948-இல் சட்டமாக வந்த அந்தத் திட்டம், ஒரு வரம்பு வரை மாதச் சம்பளம் வாங்குபவரைச் சேர்க்கிறது. திண்ணையை யார் சேர்ப்பது?

திண்ணையில் மட்டுமல்ல, ஷாப்புக்குள்ளேயும் கணக்கில் வராதவர்கள் உண்டு. 2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுப்பவருக்கு முகவரி ஏது? முகவரி இல்லாதவர் ஆஸ்பத்திரிக்கு வரவும் தயங்குவார். அமெரிக்காவில் ஆவணமில்லாத மெக்சிகோக்காரர், பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிக்கே போகப் பயப்படுகிறார். நம் தோல் ஷாப்புத் தம்பி எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை. குடும்ப அட்டைகூட உண்டு, ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். நம் காப்பீட்டுக் கவுன்டரில் அது செல்லாது என்பது வேறு விஷயம். அவர் பயமெல்லாம் மேஸ்திரியிடம்தான். ஒரு நாள் படுத்தால் அந்த இடத்தில் வேறு ஆள்.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழில்நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுபவர்களும் அதில் உண்டு. நோயாளியிடம் என்ன தொழில் என்றும் கேளுங்கள் என்றார். நான் கேட்கத்தான் செய்தேன். கேட்ட விதம் தப்பு. இன்று பட்டம் வாங்கும் இளம் மருத்துவர்களே, நீங்கள், "நேத்து காலையிலேருந்து கையால என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். க்ரோம் புண்ணும் சுண்ணாம்புத் தொட்டியும் அப்போதுதான் வெளியே வரும். க்யூ நீளும், சிஸ்டர் முறைப்பார். பரவாயில்லை.

அந்த அம்மாவின் சீட்டில் இல்லத்தரசியை அடித்துவிட்டு 'அப்பர் தையல்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் பதறிப்போனார்.

"அதெல்லாம் எழுதாதீங்க டாக்டர். ஏஜென்ட் காதுக்குப் போனா நாளைக்கு மூட்டை வராது."